கொலைகாரனுக்கு மரியாதைப் பன்மை

திருச்சி புத்தூரில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் திரைப்படச் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள், ஆசிரியர்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள், அவர்களுடைய மனைவிமார்கள். சங்கத்தின் செயலாளர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். பழைய பிரிட்டிஷ் படம் ஒன்று கிடைத்திருக்கிறது, கறுப்பு வெள்ளை, விக்டோரியா மகாராணி காலத்தில் நடக்கிற கொலைக் கதை, ஆனால் அவர்கள் பேசுகிற ஆங்கிலம் நம்முடைய ஆட்களுக்குப் பிடிபடாது, நீங்கள் தமிழில் வசனம் எழுதித் தந்தால் திரைக்கு அடியில் ஓடவிடலாம் என்றார். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் எழுதினேன். என் கணவர் பக்கத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்.

படம் இதுதான். லண்டனில் ஒரு தேயிலை வியாபாரியின் பெரிய வீடு. வெளியே பனியும் புகையும், கல் பாவிய தெருவில் குதிரை வண்டி போகிற சத்தம். உள்ளே கேஸ் விளக்கு வெளிச்சம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வியாபாரியின் மனைவி இறந்துபோகிறாள். இதயம் பலவீனமானது என்று குடும்ப டாக்டர் சொல்லிவிடுகிறார். வியாபாரி சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுகிறான். ஊரே அவனைப் பார்த்து உருகுகிறது. பிறகு இறந்தவளின் தங்கை வெளியூரிலிருந்து வருகிறாள். அந்த வீட்டிலேயே தங்குகிறாள். கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய ஒரு இன்ஸ்பெக்டர் அவ்வப்போது வந்து, தேநீர் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காதவர் போல எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போகிறார். கடைசியில் தெரிகிறது, தினமும் படுக்கப் போகுமுன் கணவன் தன் கையால் காய்ச்சிக் கொடுத்த பாலில்தான் விஷம் இருந்திருக்கிறது. அவ்வளவு அக்கறையான கணவன். வேலைக்காரர்களைக்கூட அந்தப் பாலைத் தொட விடமாட்டான்.

தங்கை அவனை மாடிப்படியில் நிறுத்திக் கேட்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அவன் மேலே, அவள் கீழே. அவள் கத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் அது சின்ன வாக்கியம். அதைத் தமிழில் எழுத எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று.

ஏனென்றால் ஆங்கிலத்தில் அந்தப் பெண் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை அக்கா புருஷனை ‘யூ’ என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறாள். நாய்க்கும் நீதிபதிக்கும் அங்கே ஒரே சொல். தமிழில் அப்படி முடியாது. வண்டியிலிருந்து இறங்கியதும் அவள் அவனிடம், “நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்றுதான் கேட்பாள். அப்படித்தான் எழுதினேன். படம் முழுக்க நீங்கள், வாருங்கள், உங்கள். மாடிப்படிக்கு வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. அக்காளைக் கொன்றவன் என்று தெரிந்த பிறகும் ஒருத்தி “நீங்கள்” என்று சொல்வாளா?

எழுதிப் பார்த்தேன். “அவள் சாவதை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.”

எழுதியதும் மேஜையை விட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். என் கணவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை உப்பிலியபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய கணவருக்கு அங்கே உரக்கடை, பச்சைமலை அடிவாரத்தில் நிலம், சின்ன வெங்காயமும் மரவள்ளியும் போடுவார். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். எங்கள் சொந்தத்தில் ஒரு ஆளை நல்லவர் என்று சொல்ல இந்த மூன்றும் போதும். இவற்றுக்கு மேல் எதையும் யாரும் விசாரிப்பதில்லை.

அக்காவுக்கு வலி வர ஆரம்பித்தது. படி ஏறினால், தண்ணீர்க் குடம் தூக்கினால், நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது, தாடைவரை வலி போகிறது என்று ஃபோனில் சொல்வாள். கணவர் வாயு என்றார். ஓமத் தண்ணீர் வைத்துத் தரச் சொன்னார். சில நாள் தானே வைத்தும் கொடுத்தார், அதையும் நான் மறைக்கவில்லை. திருச்சிக்கு வந்து காட்டலாம் என்று அக்கா கேட்டால், கடைக்குச் சரக்கு வருகிறது, அது முடியட்டும் என்பார். சரக்கு வந்து இறங்கினால், கோயில் திருவிழா, சொந்தக்காரர்கள் வருவார்கள் என்பார். திருவிழா முடிந்தால் வெங்காயம்.

நான் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுத் துறையூர் வழியாக பஸ் பிடித்துப் போனேன். அக்கா பையில் இரண்டு புடவையும் கண்ணாடியும் சீப்பும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். மெலிந்திருந்தாள். பேசும்போது நடுவில் மூச்சு வாங்கினாள். மதியம் அவர் சாப்பிட வந்தார்.

“அத்தான், அக்காவ இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். புத்தூர்ல ஹார்ட் டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்,” என்றேன்.

“எதுக்கும்மா உனக்கு இவ்ளோ சிரமம்? வாயுவுக்கெல்லாம் ஹார்ட் டாக்டர்கிட்ட போனா அவன் பயமுறுத்தித்தான் அனுப்புவான். நாளையிலேர்ந்து வெங்காயம் பிடுங்க ஆளு வருது. முடியட்டும். நானே கார்ல கூட்டிட்டு வரேன்.”

“ரொம்ப வலிக்குதுங்கறா அத்தான்.”

“கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்றவர், அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் அதே குரல், வெண்ணெய் மாதிரி. “நீ சொல்லு. போறியா? போறதுன்னா போ. நான் ஒண்ணும் தடுக்கல. ஆளுங்களுக்குச் சோறு நான் ஓட்டல்ல சொல்லிக்கிறேன்.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்தேன். “விடு. இந்த வேலை முடிஞ்சதும் வரேன். இப்பப் போனா அப்புறம் மாசக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு,” என்றாள். வெளியே வந்தால் அவர் சிரித்தபடி, “பாரு, அவளே போகலங்கறா,” என்றார். என்னைத் தன் காரிலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். ஒரு பை நிறைய வெங்காயம் கொடுத்தார்.

வெங்காயம் பிடுங்கி முடிவதற்குள் அக்கா இறந்துவிட்டாள். ஆட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலேயே சாய்ந்திருக்கிறாள். மாரடைப்பு என்றார் உள்ளூர் டாக்டர். அதில் பொய் இல்லை. அவளுடைய ஒரே மகள் அப்போது வெளியூரில் பள்ளி விடுதியில் இருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதே அவளுக்குத் தெரியாது. பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

அவர் அழுத அழுகையை ஊர் இன்றைக்கும் பேசுகிறது. பாடையைத் தூக்க விடாமல் பிடித்துக்கொண்டார். “இப்படி ஒரு புருஷன் கிடைக்க அவ குடுத்து வெச்சிருக்கணும்,” என்று என் பக்கத்தில் நின்று ஒரு பெண் சொன்னாள். அங்கே செத்துக் கிடப்பவள் எதைக் கொடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கழுத்தில் துண்டு சுற்றிய இன்ஸ்பெக்டர் யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. வர மாட்டார்கள். விஷம் வைத்தால்தான் கேஸ். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் வைத்திருந்தால் அதற்கு ஒரு பெயரும் கிடையாது.

இந்த அக்காவை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அந்தப் படத்தைத் தமிழில் எழுதினேன். செயலாளருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஃபைலை அனுப்பினேன். பிரமாதம் மேடம் என்று பதில் போட்டார்.

படம் போட்ட ஞாயிறு மாடி நிறைந்துவிட்டது. தமிழ் வசனம் உண்டு என்றதும் வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. என் கணவரும் வந்திருந்தார். முன்வரிசைக்குப் பக்கத்தில் மேஜை போட்டுச் செயலாளரே லேப்டாப்பை இயக்கினார். தொடக்கத்தில் ‘தமிழ் வசனம்’ என்று போட்டு என் பெயர் வந்தபோது இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

மாடிப்படிக் காட்சி வந்தது. அந்த நடிகை கைப்பிடியைப் பிடித்தாள். அடியில் எழுத்து ஓடியது.

“அக்கா இறந்ததற்கு நீங்களும் ஒரு விதத்தில் காரணமாகிவிட்டீர்களே, அத்தான்.”

முதலில் எனக்குப் புரியவில்லை. வேறு யாரோ எழுதிய வேறு படத்தின் வரி என்று நினைத்தேன். அடுத்த வரியும் நீங்கள். அதற்கடுத்ததும் நீங்கள். அவளுடைய வாயிலிருந்து நெருப்பு வருகிறது, அடியில் கல்யாணப் பத்திரிகை ஓடுகிறது. எழுந்தேன்.

“நிறுத்துங்க சார்.”

செயலாளர் திரும்பிப் பார்த்தார். “என்ன மேடம்?”

“படத்த நிறுத்துங்க. இது நான் எழுதினது இல்ல.”

“முடியட்டும் மேடம், அப்புறமா பேசிக்கலாம்.”

“இப்பவே நிறுத்துங்க.”

நிறுத்தினார். யாரோ விளக்கைப் போட்டார்கள். என் கணவர் என் புடவை முந்தானையை மெல்ல இழுத்தார். நான் அதை உருவிக்கொண்டேன்.

செயலாளர் எழுந்து நின்று, கூட்டத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறவர் போலப் பேசினார். “ஒண்ணும் இல்லைங்க. மேடம் ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க. எழுத்துப் பிழை பார்க்கும்போது ஒரு எடத்துல கொஞ்சம் நெருடிச்சு. அக்கா வீட்டுக்காரரப் போய் நீ, வா, போன்னு இருந்துச்சு. குடும்பத்தோட வர்றாங்க இல்லையா? நம்ம வீட்டுப் பொம்பளைங்க அப்படிப் பேசமாட்டாங்களேன்னு கொஞ்சம் மாத்தினேன்.”

“எங்கிட்ட கேட்டீங்களா?”

“சின்ன விஷயம்தானே மேடம்.”

“அவன் கொலைகாரன் சார். அவ அக்காவ விஷம் வெச்சுக் கொன்னவன்.”

அவர் சிரித்தார். சமாதானப்படுத்துகிற சிரிப்பு. “கொலைகாரனா இருந்தாலும் அக்கா புருஷன்தானே மேடம்,” என்றார்.

மாடியே சிரித்தது. ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் சிரித்தார்கள். அது வேடிக்கையாகச் சொன்னது, எல்லாரும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

நான் முன்னால் நடந்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். “படிக்கட்டு சீனைத் திருப்பிப் போடுங்க. எழுத்த எடுத்துடுங்க. நான் வாயால சொல்றேன்.”

“மேடம், உக்காருங்க, எல்லாரும் பார்க்கறாங்க.”

“போடுங்க சார். போடாம நான் இங்கேர்ந்து நகரமாட்டேன்.”

பின்வரிசையிலிருந்து வெள்ளைத் தலையோடு ஒரு பெரியவர், “போட்டுத்தான் பாருங்களேன், அந்தம்மா எழுதினது என்னன்னு கேப்போம்,” என்றார். செயலாளர் உதட்டைச் சுழித்துக்கொண்டு காட்சியைப் பின்னுக்கு இழுத்தார். விளக்கு அணைந்தது.

அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மனப்பாடமாக இருந்தது. அவளைவிட என் குரல் பெரிதாக வந்தது. “அவள் சாவதை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். அவள் வலிக்கிறது என்றாள். நீ டம்ளரை நீட்டினாய். குடி என்றாய். நீ அழுததை நான் பார்த்தேன். அவள் அழுததை நீ எப்போதாவது பார்த்தாயா?” கடைசி வரியில் என் குரல் உடைந்தது. அழுகையால் இல்லை. எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

கை தட்டல் எதுவும் இல்லை. ஒரு குடும்பம் எழுந்து போனது. மற்றவர்கள் மீதிப் படத்தைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. படியிறங்கிக் கீழே துணிக்கடை வாசலில் நின்றேன்.

இருட்டுமுன் வீட்டுக்குப் புறப்பட்டோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றியபடி என் கணவர் திரும்பாமலே பேசினார்.

“இனிமே அந்தப் பக்கம் தலை காட்ட முடியுமா? ஒரு ‘ங்க’வுக்கு இவ்ளோ கலாட்டாவா?”

“ஒரு ‘ங்க’தானே? அப்ப அவர் எதுக்கு உக்காந்து அதைத் தேடித் தேடி மாத்தினார்?”

முன்னால் வண்டிகள் நகர்ந்ததும் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அந்த வாரம் செயலாளர் ஃபோன் செய்தார். வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஆரம்பித்து, “நீங்களும் வேணாம், நீயும் வேணாம், நடுவுல ‘நீர்’னு போட்டுக்கலாமா மேடம்? பழைய காலத்துப் படம்தானே, பொருத்தமாவும் இருக்கும்,” என்றார். அவர் அதை உண்மையாகவே ஒரு நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னார். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்தேன். அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறு ஊர்ச் சங்கம் ஒன்று அதே ஃபைலை வாங்கிப் படம் போட்டிருக்கிறது. அங்கே பார்த்த என் பழைய மாணவி ஒருத்தி, வசனம் ரொம்பப் பண்பாக இருந்தது மேடம் என்று எனக்கு வாழ்த்து அனுப்பினாள்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் அக்காவின் திதி வந்தது. வருஷா வருஷம் அவள் கணவர் ஸ்ரீரங்கத்துக்கு வருவார். காவிரிக் கரையில் அம்மா மண்டபத்தில் காரியத்தை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். அந்த வருஷமும் வந்தார். ஈர வேட்டி, நெற்றியில் திருநீறு. என் கணவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன்.

ரசம் ஊற்றும்போது அவர் பெருமூச்சு விட்டார். “என்ன பண்றது. அவ விதி அவ்ளோதான். கடைசிவரைக்கும் ஒரு வார்த்த சொல்லலையே, இப்படி வலிக்குதுன்னு. சொல்லியிருந்தா விட்டிருப்பனா?”

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தேன்.

“அவ சொன்னா,” என்றேன். “உங்கிட்ட சொன்னா. நான் வந்து நின்னு சொன்னேன். நீ கூட்டிட்டுப் போகல.”

அவர் கை இலையில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதைச் சொன்னேனோ அதற்கு அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவருக்குக் கேட்டது வேறு.

“என்னம்மா இது, நீ வா போன்னு பேசுற?”

“ஆமா. பை எடுத்து வெச்சுக்கிட்டு ரெடியா இருந்தா. ஆளுங்களுக்குச் சோறு யாரு போடுவாங்கன்னு நீ நெனச்சே. அவ செத்தா யாரு போடுவாங்கன்னு நெனைக்கல.”

“நான் போகாதேன்னு சொன்னேனா? அவளத்தானே கேட்டேன்? நீயும் பக்கத்துலதானே நின்ன?”

“நீ எப்படிக் கேட்டேன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதான் பையை உள்ள கொண்டுபோய் வெச்சா.”

என் கணவர் எழுந்துவிட்டார். “போதும் விடு. அண்ணே, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இவளுக்கு ஏதோ டென்ஷன்.”

அண்ணனிடம் மன்னிப்பு கேட்டார். என் வீட்டில், என் அக்கா திதியன்று, என் முன்னால். அதை நான் அவரிடம் பிறகு சொல்லிக் காட்டியபோது, வந்த மனுஷனை இலையில் உட்கார வைத்து அவமானப்படுத்துவதா என்றார். இலையில் உட்கார்ந்தவர் பொய் சொன்னது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

அக்காவின் கணவர் இலையை மூடினார், கை கழுவினார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “பொம்பள படிச்சுட்டா இப்படித்தான்,” என்று என் கணவரிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. லிஃப்டுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார். இதுவரை அவர் என்று எழுதிவிட்டேன். கை பழகிவிட்டது. இனி எழுதப் போவதில்லை.

அவன் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் ஃபோன்கள் வர ஆரம்பித்துவிட்டன. பெரியப்பா மகன், ஒன்றுவிட்ட சித்தப்பா, அக்காவின் நாத்தனார். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. அக்கா புருஷனை நீ என்று சொன்னாயாமே? ஆமாம் என்றேன். ஏன் சொன்னாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாக, “அக்காவுக்கு நெஞ்சு வலி இருந்தது, மாசக்கணக்கா,” என்று ஆரம்பித்தால், “அதெல்லாம் முடிஞ்சு போன கதை, அதுக்காக மரியாதை இல்லாம பேசலாமா?” என்று வெட்டினார்கள். ஒருத்தி செத்தது முடிந்துபோன கதையாம். ஒரு எழுத்து குறைந்தது முடியாத கதையாம்.

அக்கா மகளும் வந்தாள். அவள் இப்போது துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிறாள், தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கேட்டுவிட்டுச் சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டாள்.

“சித்தி, அப்பாகிட்ட நான் கேட்டேன். அம்மா டாக்டர்கிட்ட போகணும்னு கேக்கவே இல்லைங்கறார். கேட்டாங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“கேட்டா.”

“நீங்க நேர்ல பார்த்தீங்களா?”

“பார்த்தேன். உள்ள வா.”

உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓமத் தண்ணீர், சரக்கு, திருவிழா, வெங்காயம், பை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவள் அழவில்லை. பைக்குள் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டாள். கண்ணாடி, சீப்பு, ரெண்டு புடவை என்றேன். எந்தப் புடவை என்றாள். ஒன்று ஊதா, இன்னொன்று நினைவில்லை என்றேன். “அவர் எனக்கு அப்பா, சித்தி. ஃபீஸ் கட்டறார். வாரா வாரம் ஃபோன் பண்றார். நான் என்ன பண்ணட்டும்?” என்றாள். அவளுக்கும் கோபத்தைக் கொடுத்துவிட்டு, வைக்க இடம் கொடுக்காமல் போனவன்மேல் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இந்த வருஷத் திதிக்கு ஒரு வாரம் முன்னால் அவளே கூப்பிட்டாள். அம்மாவுக்கு நான் கொடுக்கிறேன், அப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றாள். அம்மா மண்டபத்தில் திதி செய்து வைக்கிற வாத்தியார் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆம்பளைங்க யாரும் வரலையா?”

“வரல. நான்தான் பண்ணப் போறேன்,” என்றாள்.

“வழக்கம் இல்லையேம்மா.”

“பொண்ணு நான் ஒருத்திதான். பண்ணி வைக்க முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஒருத்தரப் பார்க்கறேன்.”

முணுமுணுத்தபடி எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்தார். அவள் ஈரத் தலையோடு உட்கார்ந்து, அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். பெயர் சொல்லும் இடம் வந்தபோது அம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு இலை போட்டேன். அப்போது ஒன்றுவிட்ட சித்தப்பாவிடமிருந்து ஃபோன். மகள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவன் உப்பிலியபுரத்தில் வீட்டிலேயே அக்கா படத்துக்கு மாலை போட்டு, ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டானாம். படத்தின் முன்னால் நின்று அழுதானாம். “பொண்டாட்டி போயி இத்தன வருஷம் ஆச்சு, இந்தக் காலத்துல யாரும்மா இப்படிச் செய்வாங்க?” என்றார் சித்தப்பா.

ஃபோனை வைத்தேன்.

“யாரு சித்தி?” என்றாள் அக்கா மகள். சித்தப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சொல்லிட்டுப் போகட்டும்,” என்றாள்.

என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.